நிகர எடை

ஜெகதேவி சாலை எடைமேடையில்
பதினோரு வருஷமாய் எண் வாசிக்கிறேன்.
கல் லாரி ஏறும். சிவப்பு இலக்கங்கள்
ஆடி அடங்கும்.
மொத்தம், வெறும் வண்டி, நிகரம்.
சீட்டை ஜன்னல் வழியே நீட்டுவேன்.

ஒரு வைகாசியில்
பின்னலுக்குப் பாதித் தூரத்தில்
சீப்பு நின்றுவிட்டது.
அப்புறம் பர்கூர் பஸ்ஸின் முதல் படியை
ராத்திரியில் யாரோ உயர்த்தி வைத்தார்கள்.
கழிப்பறையில் எழுந்திருக்கக் குழாயைப் பிடித்தேன்.
குழாய் கையோடு வந்தது.

ரவுண்டானா பக்கத்து லேபில் ஃபர்ஹத்
"ரெண்டு தரம் ஓட்டிப் பாத்தேன்க்கா" என்றாள்.
சி.கே. ஏழாயிரத்து நானூற்றுப் பத்து.
இருநூறுக்குள் இருக்க வேண்டியது.
பழக்க தோஷம்,
"கிலோவா?" என்று கேட்டுவிட்டேன்.

தசைக்குள் இருக்க வேண்டிய நொதி
ரத்தத்தில் கசிந்திருக்கிறது என்றார் டாக்டர் திலகேஸ்வரி.
உடம்பே தசையை அந்நியமென்று அடிக்கிறதாம்.
பாதி புரிந்தது.
என் மேடையில் ஏறியதெல்லாம்
உள்ளே இருந்திருக்க வேண்டியதுதானே.
மலையை யார் எடை போட்டார்கள்,
வெளியேறியதற்குத்தான் சீட்டு.

மாத்திரையில் முகம் உப்பியது.
"நல்லாத் தேறிட்டியேம்மா" என்றார் டிரைவர் மாதையன்.
சர்க்கரை ஏறியது, எண் இறங்கியது:
மூவாயிரத்துத் தொள்ளாயிரம்,
ஆயிரத்து நூற்றிருபத்தாறு,
மாசியில் நூற்றெண்பது.
ஃபர்ஹத் சீட்டில் பேனாவால் ஒரு பூ வரைந்திருந்தாள்.

கை மட்டும் காதோடு நிற்கிறது.
ஏன் என்றேன்.
டாக்டர் பேனாவை மூடினார்.
கசிவு நின்றிருந்தாலும் எண் குறையும்.
கசிய அதிகம் மிச்சமில்லை என்றாலும் குறையும்.
தசை இருக்கிறதா, கொழுப்பாகிவிட்டதா,
எம்.ஆர்.ஐ. பார்த்தால் தெரியும். பங்குனியில் தேதி.

எங்கள் பக்கம் இரண்டு குவாரி ஓய்ந்து கிடக்கின்றன.
ஒன்றை வழக்குப் போட்டு நிறுத்தினார்கள்,
குன்று பாதியில் நிற்கிறது, வெட்டிலிருந்து ஆவாரை முளைக்கிறது.
இன்னொன்றில் குன்று தீர்ந்து
பச்சைத் தண்ணீர்.
என் கணினியில் இரண்டுக்கும் நேரே
சைபர்.

நேற்று லாரி வராத மத்தியானம்
நானே மேடையில் ஏறினேன்.
பத்துப் பத்தாய்த்தான் காட்டும் அது.
அறுபது என்றது.
உள்ளே வந்து பதிந்தேன்.
திரையில் ஒரு கட்டம் மினுக்கியது:
இரண்டாம் எடை?

வெளியே மாதையன் ஹாரன் அடித்தார்.
"இருண்ணே" என்று
மேசை விளிம்பைப் பிடித்து
எழுந்தேன்.