எடை போடுதல்

ஒன்று நூற்று நாற்பது கிலோ.
அப்படி இரண்டு.
கோத்தன்பர்க்கில் நான்காம் மாடி. லிஃப்டோ
மூன்று பேர் நின்றாலே முனகும்.

மிர்சாத் இடுப்புப் பட்டையை இறுக்கினான்.
"உள்ளே ஆள் யாரும் இருக்கிறார்களா?"
சிக்ஸ்டன் சிரிக்கவில்லை.
"கடைசியாக ஒரு தடவை" என்று
ஆம்ப்ளிஃபயரைப் போட்டார்.
வால்வு சூடேற நாற்பது நிமிடமாம்.
மணிக்கூலிதானே, காத்திருந்தோம்.

ஒரே ஒரு நாற்காலி. அதன் கால்களுக்குத்
தரையில் டேப் ஒட்டிய குறி.
அரையடி தள்ளினால் வயலின்காரி
சுவருக்குள் போய்விடுவாளாம்.
என்னை உட்காரச் சொன்னார்.

பொய் சொல்ல மாட்டேன்:
வில் தந்தியைத் தொடுமுன் அவள்
மூச்சிழுத்தது கேட்டது.
பிடரி சிலிர்த்தது.
மிர்சாத்திடம் சொல்லலாமென்றால்
தலையைத் திருப்பக்கூடாதாம்.

சமையலறையில் குன்வோர்
கோப்பைகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார்.
ஜன்னலோரம் உருளைக்கிழங்கு அளவில் ஒரு ஸ்பீக்கர்,
மேலெல்லாம் மாவு,
ஏதோ நடனப் பாட்டைக் கரகரவென மென்றது.
மிர்சாத் காபியோடு அங்கேயே நின்றுவிட்டான்,
காலால் தாளம் தட்டிக்கொண்டு.

போரோஸில் ஒரு பல் மருத்துவர் வாங்கியிருக்கிறார்.
இவர்கள் போகும் வீடு ஒன்றரை அறை.

படிவழி இறக்க இரண்டரை மணி நேரம்.
மூன்றாம் மாடித் திருப்பத்தில் காரை பெயர்ந்தது,
என் சுண்டுவிரல் நகமும்.

மேலே வந்தால் வெறும் அறை.
சிக்ஸ்டன் இன்னும் அதே நாற்காலியில், அதே குறியில்,
நேரே பார்த்தபடி.
குன்வோர் கோட்டை மாட்டினார்.
உருளைக்கிழங்கைப் பைக்குள் போட்டார், அணைக்க மறந்து.

பை பாடிக்கொண்டே படியிறங்கியது.
சிக்ஸ்டன் தலையைத் திருப்பினார்.