வரிசை எண் 212

வேலூரில் சித்திரை மாதம்
மனிதர் மட்டுமா வியர்க்கிறார்கள்.
கஸ்பா வீட்டின் மாடியறையில்
நூற்றிருபது வயதுக் கண்ணாடிப் பன்னீர்ச்செம்பு
ராத்திரி முழுக்க வியர்த்திருந்தது.
விரல் வைத்தால் வழுக்கும்.
நாக்கில் வைத்தால் சவுக்காரம்
(நாக்கில் வைத்தது அறிக்கையில் இல்லை).
உள்ளிருக்கும் காரம் கசிந்து வெளியே வருகிறது,
கண்ணாடிக்கு வரும் நோய் இது என்று
சென்னை நிபுணர் சொல்லிவிட்டுப் போனார்.
காற்றின் ஈரம் ஏறவும் கூடாது,
ரொம்ப இறங்கவும் கூடாது.
மின்வாரியத்துக்கு இதை யார் சொல்வது?

தோல்மண்டி குலாம் தஸ்தகீர் சாகிபு
கப்பலில் தோலை ஏற்றிவிட்டுக்
கண்ணாடி இறக்கியவர்.
அத்தர்க்குப்பி, சர்பத் கூஜா,
இலைப்பச்சை விளக்குக் கூண்டு,
ஒருபக்கம் பார்த்தால் ஊதாவும்
மறுபக்கம் பார்த்தால் ஒன்றுமே இல்லாததுமாய்
ஒரு கிண்ணம்.
யாருக்குக் குப்பி, யாருக்கு மூடி என்று
பேரப்பிள்ளைகள் வழக்காடிச் சலித்து
பொதுவுக்கு எழுதிவைத்தார்கள்.

என்னிடம் இருப்பவை:
ஆட்டுமயிர்த் தூரிகை, காய்ச்சி வடித்த நீர்,
நீலக் கையுறை,
சாகிபின் கணக்கப்பிள்ளை எழுதிய பேரேடு.
அதில் 212:
‘சிவப்பு அத்தர்க்குப்பி, பொன்கோடு. உடைந்தது.
கூலியாள் கைத்தவறு. பிடித்தம் பதினொரு வாரம்.’
குப்பிக்கு நிறமும் கோடும் உண்டு.
கூலியாளுக்குப் பேர் இல்லை.

போன வியாழன்
பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறங்கிப் போனபின்
பேரணாம்பட்டு பஸ் டிக்கெட்டைச்
சட்டைப்பையில் மடித்து வைத்தபடி ஒருவர் வந்தார்.
எட்டியப்பன். எண்பத்துமூன்று.
ஆவாரம்பட்டைப் பழுப்பு
நகக்கண்ணை விட்டு இன்னும் போகவில்லை.
அலமாரி அலமாரியாய் நின்று பார்த்தார்.
எதையும் கேட்கவில்லை.
அப்புறம் கைக்குட்டையை அவிழ்த்தார்.
ஒரு மூடி.
கட்டைவிரல் பருமன். சிவப்பு. பொன்கோடு.

“இது மட்டும் உடையல.
பதினொரு வாரம் புடிச்சிட்டாங்க,
அப்ப இது என்னுதுதானேன்னு எடுத்துக்கிட்டேன்.”

இப்போது ஏன் கொண்டுவந்தீர்கள்?

“கீழ போர்டு வெச்சிருக்கீங்களே,
பொதுமக்கள் பார்வைக்குன்னு.
சாகிபுது இல்லையே இப்ப.”
பிறகு, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி:
“ரசீது தருவீங்களா?”

நன்கொடைப் படிவம் எடுத்தேன்.
கொடுப்பவர்: எட்டியப்பன், த/பெ சின்னக்குழந்தை.
‘பொருளின் மதிப்பு’ என்ற கட்டத்தில்
பேனா நின்றுவிட்டது.
“எழுதுங்க. பதினொரு வாரம்.”
எழுதினேன்.
செயலாளர் அடித்துவிடலாம்.
அடித்தாலும் கீழே தெரியும்.

குப்பி இல்லாத மூடியை
எப்படி நிற்க வைப்பது?
சத்துவாச்சாரித் தச்சரிடம்
தாங்கி ஒன்று சொல்லியிருக்கிறேன்.
வெறும் துளைதான். அதற்கு இருநூறு கேட்கிறார்.

மூடியை இன்னும் கழுவவில்லை.
அதன் கழுத்தில் ஒரு ரேகை
அரைகுறையாய் ஒட்டியிருக்கிறது.
விதிப்புத்தகத்தில் அதற்குப் பேர் அழுக்கு.
தூரிகையை மூன்று தடவை எடுத்தேன்,
மூன்று தடவை கீழே வைத்தேன்.

இன்றைக்கும் மத்தியானம் கரண்ட் இல்லை.
பன்னீர்ச்செம்பு மறுபடி வியர்க்கிறது.
கூஜாவின் அடியில் பொடிப்பொடியாய் விரிசல்.
பொடிப் பொட்டலங்கள் தீர்ந்து பத்து நாளாகிறது.
மூடி மட்டும் காய்ந்து, தெளிந்து,
ஜன்னல் வெயிலைச் சிவப்பாய்
என் மேசைமேல் போட்டபடி இருக்கிறது.

இத்தனை வருஷம் எங்கே வைத்திருந்தீர்கள் என்று
படியிறங்கியவரைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தேன்.

“அரிசிப் பானைக்குள்ளதான்.
வேற எங்க வெப்பாங்க.”