மச்சில் ஊதா

ஆனி மாசக் காற்று
ஈரத்தையெல்லாம் குற்றாலத்தில் இறக்கிவிட்டு
பெருமாள்புரத்துக்கு வெறுங்கையோடு வந்த ஞாயிற்றுக்கிழமை
சுரண்டத் தொடங்கினோம்.

வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது மச்சு,
ரவை உப்புமாவைக் கிண்டி
அண்ணாந்து அப்பினாற்போல.
'டிசைன் சார், மெட்ராஸ் ஆள் வந்து செஞ்சது'
என்றார் விற்ற ஜெயசிங் ராஜாமணி.
டிசைனுக்குத் தனியாக விலை போட்டாரா, தெரியாது.
ஃபேன் ஐந்தில் சுற்றினால் சோற்றில் உதிரும்.
ஒட்டடைக் கம்பை நீட்டினால்
ஒட்டடை வராது,
கம்பின் நார்தான் அங்கே தங்கிவிடும்.

கொத்தனார் வேலய்யா மேலே பார்த்தார்,
பிடரியைத் தடவினார்,
ஒரு தொகை சொன்னார்.
அந்தத் தொகைக்கு இன்னொரு ரூம் எடுத்துவிடலாம்.
'நாமளே செஞ்சிருவோம்' என்றாள் அற்புதக்கனி.
மின்வாரியத்தில் பில் கவுண்டர் அவளுக்கு.
வரிசை மொத்தமும் கத்தினாலும்
சில்லறையை எண்ணி முடிக்காமல் நிமிரமாட்டாள்.
அந்த 'நாமளே'யில் என் பங்கு எவ்வளவு என்று
நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மானூரில் இரவல் வாங்கிய மருந்தடிக்கிற பம்பு,
மூன்று தடவை கழுவியது.
பட்டித் தகடு இரண்டு.
தரையில் விரிக்க
யார் வீட்டுக் காதுகுத்துக்கோ அடித்த ஃப்ளெக்ஸ்.
தாய்மாமன்கள் ஏழு பேர் கும்பிட்டபடி கிடந்தார்கள்,
முகத்தில் சுண்ணாம்பு விழ விழ.
கண்ணுக்குப் பயந்து நான் ஹெல்மெட் போட்டேன்.
அவள் சிரித்ததில்
ஒரு வாய் தூசி உள்ளே போனது.

தண்ணீர் அடிக்கணும். கால் மணி நேரம் பொறுக்கணும்.
பொறுக்காவிட்டால் புழுதி,
ரொம்பப் பொறுத்தால் மறுபடி கல்.
பதம் வந்த இடத்தில்
தோசை எடுக்கிற மாதிரி
தகடு சும்மா உள்ளே போகும்.

மத்தியானம் ஃபேன் கொக்கிக்கு வடக்கே
தகடு ஒரு இடத்தில் தட்டிற்று.
மயிரிழையாய் ஒரு கீறல்,
சுவரைப் பார்த்து ஓடியது.

'இதுக்குத்தாம்ல டிசைனு!'
ஹெல்மெட்டுக்குள்ளேயே கத்தினேன்.
ஜெயசிங்குக்குப் போன் போட்டேன்.
'எங்களுக்கு முந்தி இருந்தவுக கட்டுனது சார்.
பாக்க நல்லால்லன்னு பூசுனோம்.
ராத்திரியெல்லாம் மேல பாத்துக்கிட்டா படுப்பாக?'
லைன் கட்டாயிற்று.

அவள் பேசவில்லை. பம்பை அழுத்தினாள்.
கீறலுக்குக் குறுக்கே
பென்சில் கோடு என்று நினைத்தது
நனைந்ததும் ஊதாவாயிற்று.
எச்சில் தொட்டு எழுதுகிற காப்பியிங் பென்சில்.
பக்கத்தில் பொடியாய் ஒரு தேதி: 4-11-77.
ஒரு சாண் தள்ளி இன்னொரு கோடு, அடுத்த ஐப்பசி.
நாலு விரற்கடை தள்ளி, அதற்கடுத்த கார்த்திகை.
பிறகு ஒரு விரல்.
பிறகு நகக்கண் அளவு.
8-12-81இல் கீறல் கோட்டைத் தொட்டு நின்றிருந்தது.
அதற்கப்புறம் சுவர்வரை சுரண்டினோம்.
ஒன்றுமில்லை. வழுவழு.

மழை வெறித்த ஏதோ ஒரு பொழுதில்
ஸ்டூல் போட்டு ஏறி
நாக்கில் பென்சிலைத் தொட்ட ஒருவர்.
ஆணா பெண்ணா, எழுத்தில் தெரியவில்லை.
ஏழு மட்டும் வெளியூர் ஏழு, இடுப்பில் கோடு போட்டது.

அதற்குள் 77 ஒழுக ஆரம்பித்தது.
துணியை எடுத்தேன்.
'தொடாதீக. காயட்டும்.'
பேனாவைக் கேட்டாள், கவுண்டர் பேனா.
நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.
கீறல் நின்ற இடத்திலேயே
ஒரு கோடும் அன்றைய தேதியும்.

பெயின்டர் வந்து
அந்தப் பட்டையை மட்டும் ஏன் விடணும் என்றார்.
விடுங்க என்றேன்.
எனக்குக் கழுத்து ஒரு வாரம் நேராகவில்லை.

மறுநாள் ஆபீஸ் விட்டு வந்து
செருப்பைக் கழற்றும் முன்னே சொன்னாள்:
'எங்க கவுண்டருக்கு மேலயும் ஒரு கீறல் கெடக்கு.
பதினோரு வருசமா அதுக்குக் கீழதான் உக்காந்திருக்கேன்.
ஒரு பய தேதி போடல.'