ஒரு வாய்

பன்னீர் சோடா பாட்டிலில்தான் ஊற்றி வைத்திருந்தேன்.
மேலே ‘ஆசிட்’ என்று எழுதி ஒட்டியும் இருந்தேன்.
தர்ஷிகாவுக்கு அப்போது
‘அ’ மட்டும்தான் தெரியும்.

சிவதாபுரத்தில் பாதி வீடுகளில் இருக்கும் அது.
பற்றவைத்த கொலுசின் கருப்புப் போக
ஒரு முக்கு. வெள்ளி வெளுக்கும்.
அவள் குடித்தது ஒரே மடக்கு.

பிறகு ஒன்பது மாதம்
வயிற்றில் செருகிய ரப்பர்க் குழாயில்
சிரிஞ்சால் ஊற்றினோம் கஞ்சியை.
வயிறு நிறையும். வாய் பட்டினி.
மாம்பழக் காலத்தில்
குண்டு மாம்பழத்துண்டை மெல்லுவாள், சப்புவாள்,
கண்ணை மூடிக்கொள்வாள்,
பிறகு தன் பச்சைக் கிண்ணத்தில் துப்பிவிடுவாள்.
கோதை அதைக் கழுவும்போது
குழாயை வேகமாகத் திறந்துவிடுவாள்.
என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை.
வீட்டிலிருந்த பாட்டில்களை மட்டும்
ஒன்று விடாமல் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டாள்.

ஊரில் கேட்டவர்களிடம்
‘விளையாட்டுப் போக்கில்’ என்றேன்.
டாக்டர் மெஹ்ருன்னிசாவிடம்தான் சொன்னேன்,
பாட்டில் என்னுடையது என்று.
எழுதிக்கொண்டார். நிமிரவில்லை.
“இந்த வருஷம் இது ஐந்தாவது.”

எக்ஸ்ரே உறையின் பின்பக்கம் வரைந்து காட்டினார்:
பெருங்குடலில் ஒரு சாண் நறுக்கி
அதன் ரத்தக் காம்பு முறுக்கிக்கொள்ளாமல்
நெஞ்செலும்புக்குப் பின்னால் மேலே இழுத்துக்
கழுத்தில் தைக்க வேண்டும்.
மலம் போன வழியில் இனிச் சோறு போகும்.
இருபது வருஷம் கண்ணி பற்றவைத்தவன்,
வாய் நிற்கவில்லை.
“இணைப்பு ஒழுகுமா, மேடம்?”
“ஒழுகலாம். ஒழுகினால்
மறுபடி தொடமாட்டோம். காத்திருப்போம்.”
என் தொழிலில் அப்படி ஒரு வழி இல்லை.

காலை எட்டுக்கு உள்ளே போனாள்.
நகை எதுவும் இருக்கக் கூடாதாம்.
கொலுசுக்காரன் மகள் காலில்
கருப்புக் கயிறுதான் இருந்தது.
நர்ஸ் அதையும் வெட்டிக் கையில் கொடுத்தார்.
பெஞ்சில் என் பக்கத்தில் வாழப்பாடிக்காரர் ஒருவர்
மகனுக்கு இது எத்தனாவது ஆபரேஷன் என்று
விரல்விட்டு எண்ணி, விட்டுவிட்டு,
திரும்ப எண்ணிக்கொண்டிருந்தார்.
ரத்தம் வேண்டுமென்று ஒருமுறை வந்தார்கள்,
கையெழுத்துக்கு ஒருமுறை.
மாலை ஐந்தேகால்.

ஒழுகியது.
ஆறாம் நாள் கழுத்துத் துணி
எச்சிலில் நனைந்திருந்தது.
பதினோரு நாள் நனைந்தது.
டாக்டர் தினமும் வந்தார், விரலால் தொட்டார்,
ஒன்றும் செய்யாமல் போனார்.
ஒன்றும் செய்யாமலிருக்க
ஒருவர் அவ்வளவு பாடுபட்டு நான் பார்த்ததில்லை.
அடுத்த நாள் துணி காய்ந்திருந்தது.

நேற்று ஜவ்வரிசிக் கஞ்சி. அரை ஸ்பூன்.
வாயில் வாங்கினாள்.
கன்னத்தில் ஒதுக்கினாள். கண்ணை மூடினாள்.
டாக்டர், கோதை, இரண்டு நர்ஸ், நான்
எல்லோருக்கும்
தொண்டை ஏறி இறங்கியது.

அவள் மட்டும் கண் திறந்து
கட்டிலைச் சுற்றித் தேடினாள்,
பச்சைக் கிண்ணத்தை.