சிபாரிசுக்கு விடப்பட்ட மூன்று வரி

கிண்ணியா உதுமாலெப்பைக்குக் கண்ணில் பூ விழுந்துவிட்டது.
ஒற்றைக்குழல் சொட்கன்
சாக்குக்குள் எண்ணெய் மணக்க நிற்கிறது.
விலை பேசியாயிற்று, முற்பணம் கைமாறியாயிற்று.
வாங்கப்போவது தம்பலகாமம் நல்லைநாதன்.
வயல் நாலு ஏக்கர். யானை இரண்டு தரம் மிதித்தது.

துவக்கு ஆள் மாறுவதென்றால்
பொலிஸ் ஒரு கடிதம், நான் ஒரு கடிதம்,
பிறகு திருகோணமலைக் கச்சேரியில்
ஒரு நாள் முழுக்க வாங்கில் இருப்பு.
பொலிஸ் எழுதிவிட்டது: வழக்கேதும் இல்லை.
கிராம சேவையாளர் அறிந்த வரையில், என்கிறது படிவம்,
மூன்று வரி இடம் விட்டு.

அறிந்த வரையில்
கடனைச் சொன்ன தேதிக்குக் கட்டுவான்.
வாய்க்கால் துப்புரவுக்கு முதல் மண்வெட்டி அவனுடையது.
திருவிழாத் தண்ணீர்ப்பந்தல் அவன் செலவு.
போன ஐப்பசியில் வெள்ள நிவாரணப் பட்டியலோடு போனபோது
கையொப்பமிட நான் நீட்டிய பேனாவைப்
புஷ்பலீலா இடக்கையால் வாங்கினாள்.
கிணற்றுக்கட்டில் விழுந்தாளாம்.
அந்த வளவில் கிணறு தூர்ந்து பத்து வருடம்.

அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

கட்டம் இருப்பது வேறொன்றுக்கு:
எப்போதாவது தடுத்து வைக்கப்பட்டவரா?
போன வருடம் வீரசிங்கம் விண்ணப்பித்தார்.
பதினேழு வயதில் சந்தியில் வைத்து ஏற்றிப்போனார்கள்,
ஏழு மாதம், குற்றப்பத்திரிகை இல்லை.
கோழி அறுக்கவும் அடுத்த வீட்டானைக் கூப்பிடுகிற மனுசன்.
ஆம் என்று எழுதினார், உண்மையை.
அவருடைய மரவள்ளிக்கு இன்றைக்கும்
தகரம் தட்டித்தான் காவல்.

பஸ்ஸால் இறங்கி நடந்து ஏறின காலத்தில்
சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து காட்டியவள் நான்.
புளிச்சோற்றுக்குள் கம்பி விட்டுப் பார்த்தார்கள்.
இப்போது என் மேசையில் றப்பர் முத்திரை.
விசாரிக்கவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.
விசாரிக்கிற கை
எப்போதும் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுகிறது.

செவ்வாய்க்கிழமை
அவன் கந்தளாய்க்குப் பசளை எடுக்கப் போன நேரம் பார்த்து
வாக்காளர் இடாப்பு என்ற பொய்யோடு போனேன்.
யானை உண்மைதான்.
வேலியோரம் காலடி ஒவ்வொன்றிலும் தண்ணீர் நின்றது,
ஒன்றில் தவளைக்குஞ்சு.
துவக்கு வருவது உனக்குச் சம்மதமா
என்று கேட்க எனக்கு அதிகாரமில்லை.
கேட்டேன்.
சுளகிலிருந்து கண்ணை எடுக்காமல்
அரிசியில் கல் பொறுக்கினாள்.
"லைசன்ஸ் குடுத்தா
வருசத்துக்கு எத்தனை தோட்டா தருவாங்க மிஸ்?"
தெரியாது என்றேன்.
தெரியும்.

பின்னேரம் உதுமாலெப்பை போன் எடுத்தார்.
"மகள், கடிதம் முடிஞ்சா?
சாமான வீட்டுல வெச்சிருக்க ஏலா, பேரப்புள்ளைகள் ஓடித் திரியிறானுகள்.
கடிதமே கேக்காத ஒருத்தன்
காட்டுப் பக்கத்தால வந்து ரெட்டிப்பு சொல்லிட்டுப் போறான்.
நான் குடுக்கல்ல. ஆனா எத்தின நாளைக்கு?"

விளக்கைப் போட்டுக்கொண்டு எழுதினேன்:
விண்ணப்பதாரரின் மனைவியைத்
தனியே விசாரித்த பின்னரே தீர்மானிக்கவும்.
ஒன்றரை வரி. முத்திரை குத்தினேன்.
அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது,
இந்தக் கடிதத்தைக் கச்சேரிக்குக் கொண்டுபோவது
விண்ணப்பதாரர்தான், தன் கையோடு.

நாளைக் காலை எட்டு மணிக்கு வருவான்.
பசை முடிந்து கிடக்கிறது.
சோற்றுப் பருக்கையால் உறையை ஒட்டி
அதன்மேல் இடாப்பைத் தூக்கி வைத்திருக்கிறேன்.
கொதிக்கிற கேத்திலுக்கு மேலே ஒரு நிமிடம் பிடித்தால்
பிரிந்துவிடும்.