எண்பத்தாறிலிருந்து எழுபத்திரண்டு

சோற்று டப்பாவுக்குள் பழைய சங்கிலியைச் சுருட்டி வைத்து
நாகலூரில் முதல் பஸ் பிடித்தேன்.
முந்தாநாள் ரசத்தின் வாசனைமேல்
ஆயில் வாசனை ஏறிக்கொண்டது.
இனி அதில் சாப்பாடு கொண்டுபோக முடியாது.
வீட்டில் சொல்லவில்லை.

இருபத்திரண்டு அங்குல பார் வேண்டாம் என்றது
மேஸ்திரி லூர்துசாமி அல்ல, நான்தான்.
போன செவ்வாய்க்கிழமை
சில்வர் ஓக்கின் ஒரு கிளைக்குப் பின்னால்
எனக்குத் தெரியாத இன்னொரு கிளை இருந்தது.
பாரின் நுனி அதைத் தொட்ட கணம்
மெஷின் எழும்பி என் முகத்தைப் பார்த்தது.
பிரேக் விழுந்தது.
ஹெல்மெட்டில் ஒரு கோடு.
கீழே கயிறு பிடித்திருந்த தீர்த்தகிரி
"ஏண்ணே நிறுத்திட்ட?" என்றான்.
"பெட்ரோல்" என்றேன்.

செவ்வாய்ப்பேட்டையில் ஹயாத் பாஷா கடை.
பாஷா தொழுகைக்குப் போயிருந்தார். கடைப்பையனிடம்
"பதினெட்டு அங்குலம், பாரும் செயினும்" என்றேன்.
கொடுத்தான். வாங்கினேன்.
கோடை விழாவுக்கு ஏறும் கார்களின் பின்னால்
இருபது கொண்டை ஊசியும் ஊர்ந்து
மேலே வந்து மூடியைக் கழற்றி மாட்டினால்
சங்கிலியின் கால்கள்
ஸ்ப்ராக்கெட் பல்லின்மேல் ஏறி நிற்கின்றன,
அடுத்தவன் செருப்பில் நுழைந்த பாதம் மாதிரி.
"சுத்தியல்ல ஒரு தட்டு?" என்றான் தீர்த்தகிரி.

மறுநாள் மறுபடி இருபது வளைவு, கீழ்நோக்கி.
"ஊர் பேரை மட்டும் சொல்லி வீடு கேட்ட கதையா இருக்கே"
என்றார் பாஷா.
டப்பாவைத் திறந்து, கண்ணாடியைத் துடைத்து,
பழைய சங்கிலியின் கால்களைக் கட்டைவிரலால் தள்ளித் தள்ளி எண்ணினார்.
நடுவில் போன் வந்தது. விட்டது.
முதலிலிருந்து எண்ணினார்.
எண்பத்தாறு.
மூன்று ரிவெட்டுக்கு அளந்து பாதியாக்கினார்.
வெர்னியர் வாயில் ஒரு காலைக் கடிக்கவிட்டு
"ஒன்றரை" என்றார், யாரிடமோ சொல்வதுபோல.
"கண்ணி இடைவெளி, கால் தடிமன், கால் எத்தனை.
நீளம் கடைசில.
நாலு அங்குலம் போச்சுன்னா பதினாலு கால் போகும் உனக்கு."

நாலு அங்குலத்தில் பதினாலு கால் எப்படி நின்றிருக்கும்?
அஸ்தம்பட்டி தாண்டும்போதுதான் பிடிபட்டது:
போகிற வழியில் ஏழு,
வருகிற வழியில் ஏழு.
தப்பான செயினைத் திருப்பி எடுத்துக்கொண்டார்,
நூறு ரூபாய் பிடித்துக்கொண்டு.

காபிச் செடிகளுக்கு நடுவே சாக்கு விரித்தோம்.
இரண்டு நட்டு. பாரின் ஓட்டையில் டென்ஷன் முளை உட்கார்ந்தது.
மேல்பக்கப் பற்களெல்லாம் என்னைவிட்டு வெளியே பார்க்கின்றன.
கால்கள் பல்லுக்குள் இறங்கிவிட்டன,
சத்தமே இல்லாமல்.
மூக்கைத் தூக்கிப் பிடித்தபடி நட்டை இறுக்கினேன்.
அடிப்பக்கம் இழுத்தேன்; வந்தது. விட்டேன்; போய் ஒட்டிக்கொண்டது.
தீர்த்தகிரியின் தங்கை கல்யாணப் பத்திரிகை ஒன்று
பையில் மிச்சமிருந்தது.
அதன் வெள்ளை முதுகுக்கு நேரே நுனியைக் காட்டி முடுக்கினேன்.
மெல்லிய கோடாக ஆயில் வந்து விழுந்தது.

ஏணியில் ஏறி முதல் கிளைக்கு நீட்டினேன்.
காற்றை அறுத்தேன்.
முழங்கை இன்னும் பழைய கணக்கில் இருக்கிறது.
ஒரு படி மேலே,
அப்புறம் கொஞ்சம் உள்ளே.
மிளகுக் கொடி தன் சின்ன வேர்களால்
பட்டையைப் பிடித்திருப்பது தெரிகிற தூரம்.
சிவப்பெறும்பு கழுத்தில் இறங்குகிற தூரம்.
கிளைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன்.
ஒன்றுமில்லை.
மறுபடி எட்டிப் பார்த்துவிட்டு அறுத்தேன்.

மத்தியானம் எனக்கு டப்பா இல்லை.
தீர்த்தகிரி தன் மூடியில் பாதி எடுத்து வைத்தான்,
களியும் கீரையும்.
"அன்னைக்கு பெட்ரோல் இல்லடா" என்றேன்.
"தெரியும்ணே.
டேங்க்குல நாந்தான ஊத்துனேன்" என்றான்,
கீரையை என் பக்கம் தள்ளியபடி.