ஒரு நாற்காலி அதிகம்

செவ்வாய்க்கிழமை மாலைகளில்
இப்ஸ்விச் நூலகத்தின் மாடியில்
ஹார்கிரீவ்ஸ் அம்மையார் வெள்ளைப் பலகையில் எழுதுவார்:
உபரி. நகரம். எழுத்து. வரி. அரசன்.
ஒன்றிலிருந்து அடுத்ததற்கு ஓர் அம்புக்குறி.
ஒன்பது பேர் இருக்கிறோம். ஹீட்டர் முனகும்.
ஆறாயிரம் ஆண்டுகள்
ஒன்றரை மணி நேரத்தில் நடந்து முடியும்.
அதற்குமேல் போனால் என் கடைசிப் பேருந்து போய்விடும்.

சென்ற வாரம் ஒரு படம் காட்டினார்.
லோத்தல் கிடங்கில் கிடைத்த களிமண் துண்டு.
கிடங்கு எரிந்ததால்
மண் சுட்டு, நிலைத்துவிட்டதாம்.
முன்பக்கம் ஒற்றைக் கொம்போடு ஒரு விலங்கு,
யாருக்கும் படிக்க வராத குறிகள்.
எல்லோரும் குறிகளையே பார்த்தார்கள்.
நான் பின்பக்கத்தைக் கேட்டேன்.
அங்கே கயிற்றின் முறுக்கு, துணியின் இழை,
மூட்டையைக் கட்டிய எவனோ
அவசரத்தில் அழுத்திய பள்ளம்.

எனக்கு அது பழகிய பக்கம்.
ஃபீலிக்ஸ்டோ துறைமுகத்தில் பதினோரு வருடமாக
முத்திரை பார்ப்பதுதான் என் வேலை.
கன்டெய்னர் கதவில் ஓர் ஆணிப்பூட்டு, அதில் ஓர் எண்.
என் கையில் ஒரு தாள், அதிலும் ஓர் எண்.
இரண்டும் ஒன்றென்றால் வண்டி போகலாம்.
அம்மையாரின் முதல் அம்புக்குறிக்கும் முன்னால்
ஒரு சொல் விட்டுப்போனதாக நினைப்பேன்.
சந்தேகம்.
முகம் தெரிந்தவனுக்கு
யார் களிமண் பிசைவார்கள்?

வியாழன் இரவு மழை பக்கவாட்டில் பெய்தது.
தாளில் ஏழு, பூட்டில் ஒன்று.
எழுதியவனின் கைப்பிசகாக இருக்கலாம்.
இருந்தாலும் வெட்டு, திற, எண்ணு.
உள்ளே வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலிகள்,
அறுநூற்று நாற்பது என்றது தாள்.
இருபது இருபதாய் இறக்கினோம்,
நானும், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் கார்வினும்,
சேர்ந்து மூன்று வாரமே ஆன ஒரு பையனும்.
முப்பத்திரண்டு அடுக்கு.
பிறகும் ஒன்று நின்றது.

மறுபடி எண்ணினோம். நின்றது.
படிவத்தில் குறைவுக்கு ஒரு கட்டம் உண்டு,
சேதத்துக்கு இரண்டு.
அதிகத்துக்கு எதுவும் இல்லை.

லாரிக்காரர் டோரின்,
கான்ஸ்டன்ட்சாவில் பிறந்தவர்,
அந்த ஒற்றை நாற்காலியைத் தூக்கிக் கூரைக்கடியில் போட்டு
ஃப்ளாஸ்கைத் திறந்து உட்கார்ந்தார்.
நாங்கள் மூவரும் எதிரே நின்றோம்.
வேறெங்கும் நிற்க இடமில்லை, மழை.
அவர் குடித்து முடிக்கும்வரை
ஏனோ யாரும் பேசவில்லை.
பையன் கைகளைக் கட்டிக்கொண்டிருந்தான்.

இப்படித்தான் வந்திருக்கும் என்று பட்டது எனக்கு.
எல்லோரும் உண்டு, விதைக்கும் எடுத்து வைத்து
ஒரு மரக்கால் மீந்த ஆண்டில்
காவலுக்கு என்று ஒருவன் அதன்மேல் உட்கார்ந்திருப்பான்.
மற்றவர்கள் நின்றிருப்பார்கள்.
எழச் சொல்ல
யாருக்கும் தோன்றியிருக்காது.

டோரின் எழுந்துவிட்டார்.
“ஆறு மணியிலிருந்து நிற்கிறாய், உட்கார்” என்றார்.
நான் உட்காரவில்லை.
குனிந்து, படிவத்தின் ஓரத்தில்,
கட்டமே இல்லாத இடத்தில்
+1 என்று எழுதி, பக்கத்தில் என் பெயரின் முதலெழுத்தை வைத்தேன். வ.
இங்கே யாருக்கும் படிக்க வராத குறி.
புதுப் பூட்டு, புது எண்.
வெட்டிய ஆணி வாளியில் விழுந்த சத்தம்.
விளக்குகளுக்கு அப்பால் வண்டி போயிற்று.

மேலாளர் முடிவு சொல்லும்வரை
நாற்காலி எங்கள் கொட்டகையில் இருக்கிறது.
வெள்ளிக்கிழமை பார்த்தேன்.
அதன்மேல் நான்கு ஈரக் கோட்டுகள்,
ஒன்றின்மேல் ஒன்றாக.
அடியில் சொட்டிய நீர்
கதவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.